கிமாரேஸ் விட்டுப்போனதை யார் எடுத்து வைத்தீர்கள்?

அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பிலும் மாநிலச் சங்கங்களிலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப்புகளிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

அடிமட்டப் பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒன்றில் ஒரு கேள்வி கேட்டேன். கிமாரேஸ் மாதிரி இந்த நாட்டில் வேலை பார்த்துவிட்டுப் போன வெளிநாட்டுக் கோச்சுகளின் பயிற்சித் திட்டங்களும் குறிப்புகளும் எங்கேயாவது சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறதா, எங்களைப் போன்றவர்கள் போய்ப் பார்க்க முடியுமா என்று. "அதெல்லாம் கிளப்போட சொந்த விஷயம், அப்படி எதுவும் சேர்த்து வைப்பதில்லை" என்றார்கள். அப்புறம் எழுத்திலும் கேட்டேன். எழுத்திலும் அதே பதில்தான், ஒரே வரியில். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எந்த அலுவலகத்தில் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அந்த ஒரு வரியை விழுங்கிக்கொண்டு போக என்னால் முடியவில்லை, அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் தாராவியில் வளர்ந்த தமிழன். பகலில் ஒரு வேலை, சாயங்காலம் சயான் பக்கத்து மைதானம் ஒன்றில் பசங்களுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பது. மைதானம் என்றால் பாதி மண், பாதி கல். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. அந்தப் பசங்களில் யாராவது ஒருவன் நாளைக்கு உங்கள் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். ஆனால் அவனுக்கு முதல் முதலில் எப்படி நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது நாங்கள்தான், எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

அலெக்சாண்ட்ரே கிமாரேஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறாரா? 2016இல் மும்பை சிட்டி அணிக்குக் கோச்சாக வந்தார், 2018 வரை இருந்தார். அவர் வந்தபோது அந்தேரி மைதானத்து கேலரியில் எல்லோரும் பேசியது டியேகோ ஃபோர்லானைப் பற்றித்தான், அது நியாயம்தான், 2010 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாங்கியவர் நம் ஊரில் ஆடுகிறார் என்றால் யார்தான் பேச மாட்டார்கள். கோச் யார் என்று கேட்டால் "யாரோ கோஸ்டா ரிகாக்காரராம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ரசிகர்கள் அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நீங்களும் அவரை அப்படியே வைத்திருந்து அப்படியே அனுப்பிவிட்டீர்கள் என்பதுதான் வருத்தம்.

அந்த "யாரோ" யார் என்று சொல்கிறேன். பிறந்தது பிரேசிலின் மசேயோ நகரத்தில், 1959இல். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கோஸ்டா ரிகாவுக்குப் போய் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். தலைநகர் சான் ஹோசேவின் பெரிய கிளப்பான சப்ரீசாவுக்கு ஆடினார். 1990இல் கோஸ்டா ரிகா முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போனபோது அந்த அணியில் இருந்தார்.

அந்த 1990 அணியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் உங்களிடம் கேட்கப்போகும் எல்லாமே அங்கேதான் இருக்கிறது. தகுதிச்சுற்றில் அந்த அணியைக் கரைசேர்த்தவர் மார்வின் ரோட்ரீகஸ் என்ற உள்ளூர் பயிற்சியாளர். உலகக் கோப்பைக்காக இத்தாலிக்குப் போக சில மாதங்களே இருக்கும்போது அவரை மாற்றிவிட்டு செர்பியாக்காரர் போரா மிலுட்டினோவிச்சைக் கொண்டுவந்தார்கள். அவர் வந்ததும் பழக்கப்பட்ட சில பெரிய ஆட்டக்காரர்களை வெளியே வைத்தார், ஊரே கொந்தளித்தது. ஆனால் ஜெனோவாவில் முதல் ஆட்டத்திலேயே ஸ்காட்லாந்தை 1-0 என்று ஜெயித்தார்கள். டூரினில் பிரேசிலிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். மறுபடி ஜெனோவாவில் சுவீடனை 2-1 என்று வீழ்த்தினார்கள், கடைசி நிமிடங்களில் வெற்றி கோலை அடித்தவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய எர்னான் மெட்ஃபோர்ட். அடுத்த சுற்றில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் 1-4 என்று தோற்று வீடு திரும்பினார்கள். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 30 லட்சம்தான். நம் மும்பையில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

வெளிநாட்டுக் கோச் வந்தார், ஜெயித்தார், போனார். இதுவரைக்கும் கதை நமக்கும் பழக்கமானதுதான். அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த அணியில் இருந்த கிமாரேஸ் பின்னால் தேசிய அணியின் கோச் ஆனார். மெட்ஃபோர்டும் ஆனார். நடுகளத்தில் ஆடிய ஆஸ்கர் ராமிரெஸ் 2018 உலகக் கோப்பைக்கு அணியைக் கூட்டிப்போனார். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக அந்த ஒற்றை கோலை அடித்த ரொனால்ட் கொன்சாலஸும் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். கோல்கீப்பர் கபேலோ கொனேஹோ 2014 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகாவின் கோல்கீப்பர் கெய்லர் நவாஸுக்குப் பயிற்சி கொடுத்த குழுவில் இருந்தார். ஒரே அணியிலிருந்து நான்கு தேசியப் பயிற்சியாளர்கள்! சில மாதங்கள் மட்டும் இருந்துவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக்காரரோடு வேலை செய்த ஆட்கள் தங்கள் நாட்டுக் கால்பந்தை 30 வருஷம் தாங்கினார்கள். எல்லாமே அவர் சொல்லிக்கொடுத்ததுதான் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் சொந்தமாகவும் நிறைய உழைத்தவர்கள். ஆனால் அவர்களுக்கு வேலை கொடுத்து, தோற்றாலும் மறுபடி கூப்பிட்டு, வளரவிட்டது அந்த நாட்டுக் கிளப்புகளும் சங்கமும்தான்.

கிமாரேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 90களின் கடைசியில் சப்ரீசாவை லீக் பட்டம் ஜெயிக்க வைத்தார். 2001இல் தேசிய அணி கைக்கு வந்தது. அந்த வருஷம் ஜூன் 16ஆம் தேதி மெக்சிகோ சிட்டியில் அஸ்டெகா மைதானம். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அந்த மைதானத்தில் மெக்சிகோ அதுவரை தோற்றதே இல்லை. கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கும் மேலே, வெளியூர் அணிக்கு மூச்சு வாங்கும். முதல் பத்து நிமிடத்துக்குள் மெக்சிகோ ஒரு கோல் போட்டுவிட்டது. வழக்கமாக அங்கே போகும் அணிகள் அதோடு பின்னால் போய் நின்றுகொண்டு இன்னும் நான்கு வாங்காமல் பார்த்துக்கொள்ளும். கிமாரேஸ் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் பாதியில் ரொலாண்டோ ஃபொன்செகா சமன் செய்தார், 86ஆவது நிமிடத்தில் மறுபடியும் அதே மெட்ஃபோர்ட், 33 வயதில், மாற்று ஆட்டக்காரராக வந்து, 2-1. கோஸ்டா ரிகாவில் இன்றைக்கும் "அஸ்டெகாசோ" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தகுதிச்சுற்றில் 23 புள்ளிகளோடு முதலிடம், மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் மேலே.

2002 உலகக் கோப்பையில் முதல் ஆட்டம் சீனாவோடு, தென்கொரியாவின் குவாங்ஜுவில். எதிர்ப்பக்கம் சீனாவின் கோச்சாக நின்றவர் யார் தெரியுமா, போரா மிலுட்டினோவிச்தான். மெக்சிகோ, கோஸ்டா ரிகா, அமெரிக்கா, நைஜீரியா என்று கூட்டிப்போன நான்கு அணிகளையும் முதல் சுற்றைத் தாண்ட வைத்த மனிதர். அவரிடம் ஆடிய கிமாரேஸ் அவரை 2-0 என்று ஜெயித்தார். எனக்கு இந்த ஒரு ஆட்டம் போதும், வெளிநாட்டு அறிவு ஒரு நாட்டுக்குச் சொந்தமாவது எப்படி என்று காட்ட. அப்புறம் துருக்கியோடு 1-1. கடைசி ஆட்டம் பிரேசில், ரொனால்டோ, ரிவால்டோ எல்லாம் இருந்த பிரேசில், அந்த வருஷம் கோப்பையே தூக்கிய அணி. 0-3 என்று பின்தங்கிய பிறகும் ஏறி ஏறி அடித்து 2-3 வரைக்கும் வந்தார்கள். இன்னும் ஒரே ஒரு கோல் அடித்துச் சமன் செய்திருந்தால் அடுத்த சுற்று. கடைசியில் 2-5. துருக்கிக்கும் அவர்களுக்கும் ஆளுக்கு நான்கு புள்ளி, கோல் வித்தியாசத்தில் துருக்கி முன்னேறி மூன்றாம் இடம் வரைக்கும் போனது. பூட்டிக்கொண்டு ஆடியிருக்கலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தோல்வியைப் பார்த்துத்தான் அவர்மேல் மரியாதை கூடியது.

2006க்கு மறுபடியும் அவர்தான். முனிக்கில் தொடக்க ஆட்டத்தில் ஜெர்மனியோடு 2-4, அப்புறம் ஈக்வடார், போலந்து, மூன்றும் தோல்வி. பிறகு பனாமா தேசிய அணியோடு வட, மத்திய அமெரிக்க நாடுகள் மோதும் 2007 தங்கக் கோப்பையில் காலிறுதி வரை. 2008இல் எல் சால்வடோரிடம் தோற்று அந்த வேலையும் போனது. சீனாவில் தியான்ஜின், வளைகுடாவில் அல் வாசல் என்று சுற்றியிருக்கிறார். ஜெயித்ததையும் தோற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட ஒரு மனிதர் நம் ஊரில் வந்து இறங்கும்போது அவர் கையில் இருந்தது ஒரு கோச்சிங் லைசென்ஸ் மட்டும் இல்லை. சின்ன நாடு, காசு கம்மி, ஆட்கள் கம்மி, சுற்றிலும் மெக்சிகோ, அமெரிக்கா மாதிரி பெரிய அணிகள், இதற்குள் எப்படி நிமிர்ந்து ஆடுவது என்று ஒரு வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் அவர். இந்தியாவுக்கு ஐரோப்பாவிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள். நமக்கு உண்மையிலேயே தேவைப்படும் பாடத்தை வைத்திருந்த சிலரில் இவர் ஒருவர்.

இனி நான் கண்ணால் பார்த்தது. 2014இல் ஏழாவது, 2015இல் ஆறாவது என்று இருந்த மும்பை அணி 2016இல் அட்டவணையில் முதலிடம், முதல் முறையாக அரையிறுதி. கேரளாவை 5-0 என்று அடித்த அன்றைக்கு ஃபோர்லான் மூன்று கோல் போட்டார், கேலரியே அவர் பெயரைத்தான் கத்தியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பின்வரிசையை. பந்து இடது பக்கம் போனால் நான்கு பேரும் சேர்ந்து இடது பக்கம் நகர்வார்கள், வலது ஓரத்தில் இருப்பவர் எதிராளியை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார், அவர்களுக்கும் நடுகளத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கூடவே கூடாது. இரண்டு கையையும் விரித்து, அப்புறம் மெதுவாகச் சேர்த்துக் காட்டுவார் கிமாரேஸ், எல்லைக்கோட்டு ஓரத்தில் நின்று, ஆட்டம் முழுக்க. கத்துவது குறைவு. ஒவ்வொரு முறை எதிரணி பந்தைத் திருப்பும்போதும் அந்தக் கை அசையும்.

மறுநாளே மைதானத்துக்கு ஒரு கயிறு கொண்டுபோனேன். துணி காயப்போடும் சாதா கயிறு. நான்கு பசங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒருவன் இடுப்பிலிருந்து அடுத்தவன் இடுப்புக்கு அதைத் தளர்வாகக் கட்டினேன். ஒருவன் தனியாக ஓடினால் மற்ற மூன்று பேருக்கும் இழுக்கும். முதலில் ஒரே சிரிப்பு, ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுவது. போகப்போக கயிறு இல்லாமலேயே அந்த இடைவெளி அவர்கள் காலுக்குப் பழகிவிட்டது. இன்றைக்கும் புதிதாக வரும் பசங்களுக்கு முதலில் அந்தக் கயிறுதான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, டிக்கெட் வாங்கி கேலரியில் உட்கார்ந்து திருடிக்கொண்டு வந்தது. ஒரு உலகக் கோப்பை கோச்சின் வேலையை கேலரியிலிருந்து எட்டிப் பார்த்தே இவ்வளவு எடுத்துக்கொள்ள முடியுமென்றால், பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நிற்க விட்டிருந்தால்?

கேட்டும் பார்த்திருக்கிறேன். வேறொரு வருஷம், வேறொரு ஊர், வேறொரு கிளப். பயிற்சியைத் தூரத்திலிருந்து பார்க்க அனுமதி கேட்டு, என் லைசென்ஸ் நகலையும் சேர்த்து அனுப்பினேன். கேட்டில் காவலாளி மரியாதையாகத்தான் பேசினார், உள்ளே விடவில்லை. கிளப்பிலிருந்து பதிலே இல்லை. அணியின் ரகசியம் வெளியே போய்விடும் என்று பயம் இருக்கலாம், அது புரிகிறது. ஆனால் 12 வயசுப் பசங்களுக்குச் சொல்லித்தருகிற ஒருவன் எந்த ரகசியத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் விற்கப்போகிறான்?

2016 அரையிறுதியில் கொல்கத்தாவிடம் மொத்தத்தில் 2-3 என்று தோற்றோம். அடுத்த சீசனில் பத்து அணிகளில் ஏழாவது இடம். 2018இல் அவர் போனார், ஜார்ஜ் கோஸ்டா வந்தார். கோச்சை மாற்றுவது கிளப்பின் உரிமை, அதைப் பற்றி நான் பேசவில்லை. போகும்போது அவர் இரண்டு சீசனில் என்ன செய்தார், எந்தப் பையனை எப்படி மாற்றினார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எங்களைப் போன்றவர்கள் போய்ப் படிக்கும்படி ஒரு பக்கமாவது இருக்கிறதா? இல்லை என்றுதான் எனக்குப் பதில் வந்தது.

இந்தியாவை விட்டுப் போனவர் அங்கேயே ஓய்ந்துவிட்டாரா என்றால், இல்லை. 2019இல் கொலம்பியாவின் அமெரிக்கா டி காலி கிளப்புக்குப் போனார். அது பெரிய பாரம்பரியம் உள்ள கிளப், 2011இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி ஐந்து வருஷம் அங்கேயே தவித்துவிட்டு ஏறி வந்தது. அவர் போன அந்த வருஷமே டிசம்பரில் ஜூனியர் என்ற கிளப்பை இறுதிப்போட்டியில் வென்று லீக் பட்டம், 2008க்கு அப்புறம் முதல் பட்டம். அடுத்து 2021இல் அத்லெட்டிகோ நசியோனால் என்ற இன்னொரு கொலம்பியக் கிளப்பில் கோச். பிறகு தன் நாட்டுக்கே திரும்பி, அலஹுவெலென்சே அணியோடு 2024இல் மத்திய அமெரிக்கக் கோப்பை. அந்த அணியில் அவர் மகன் செல்சோ போர்ஹெஸும் ஆடினார், 2014இல் கோஸ்டா ரிகா காலிறுதி வரைக்கும் போனபோது நடுகளத்தில் இருந்த அதே போர்ஹெஸ். அப்பா விட்டுப்போன அலஹுவெலென்சேவை அடுத்து எடுத்துக்கொண்டவர் 1990 அணியின் ஆஸ்கர் ராமிரெஸ்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2014இல் அந்தக் காலிறுதிக்குக் கூட்டிப்போனவர் கொலம்பியாக்காரர் ஹோர்ஹே லூயிஸ் பின்டோ. ஆகவே வெளிநாட்டுக் கோச்சே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 2026 உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதிச்சுற்றில் மத்திய அமெரிக்காவிலிருந்து ஆறு அணிகள் இருந்தன, ஆறுக்கும் வெளிநாட்டுக் கோச். பனாமா மட்டும் தேறியது. கோஸ்டா ரிகா 2025 நவம்பரில் சொந்த ஊரில் ஹோண்டுராஸோடு 0-0 என்று முடித்து வெளியே போனது, அப்போது அதன் கோச் மெக்சிகோக்காரர் மிகேல் எரேரா. சொந்தமாகக் கோச்சுகளை வளர்த்துக்காட்டிய நாடே அந்தப் பழக்கத்தை விட்டால் எங்கே போய் நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

நம் பக்கம் 2025 ஆகஸ்டில் காலித் ஜமீலை தேசிய அணிக்கு நியமித்தீர்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக ஒரு இந்தியர் கூட முழுநேரமாக உட்காராத இடம் அது. 2017இல் அய்ஸால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிக் காட்டிய மனிதருக்கு இவ்வளவு தாமதமாகக் கதவு திறந்தது. அவருக்குப் பின்னால் வரிசையில் யார் இருக்கிறார்கள்? கிமாரேஸின் அந்த 2016 அணியில் சுனில் சேத்ரி ஆடினார், அம்ரிந்தர் சிங் கோலில் நின்றார், உதாந்தா சிங் ஓரத்தில் ஓடினார். இவர்களையும் இவர்களோடு ஆடியவர்களையும் நாளைக்குக் கோச்சாக ஆக்குவதற்கு உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது? 1990இல் கோஸ்டா ரிகா ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த அதே வாய்ப்பு இவர்களுக்கும் கிடைத்தது. ஆடி முடித்த பிறகு இவர்களை யார் கூப்பிடுவார்கள்?

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

இனிமேல் எந்த வெளிநாட்டுக் கோச்சோடு ஒப்பந்தம் போட்டாலும் அதில் ஒரு வரி சேருங்கள்: மாதத்துக்கு ஒரு நாள், லைசென்ஸ் வைத்திருக்கும் உள்ளூர் பயிற்சியாளர்கள் அவருடைய பயிற்சியை ஓரத்தில் நின்று பார்க்கலாம், முடிந்த பிறகு அரை மணி நேரம் கேள்வி கேட்கலாம். ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம், தந்திரம் பழகும் நாளும் வேண்டாம், சாதாரண நாள் போதும். இதற்கு கிளப்புக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. கூட்டமைப்பு இதை லைசென்ஸ் விதியாகவே ஆக்கினால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஒவ்வொரு கோச்சும் விலகும்போது, அவரை நீங்கள் அனுப்பினாலும் சரி, அவராகப் போனாலும் சரி, தான் செய்ததைப் பற்றி ஒரு அறிக்கையும் ஒரு நீண்ட பதிவு செய்த பேட்டியும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வையுங்கள். அது கிளப்பின் அலமாரிக்குள் போகக்கூடாது. கூட்டமைப்பிடம் வர வேண்டும், தமிழ், மலையாளம், மராத்தி, வங்காளம், மணிப்புரி என்று பந்து ஆடும் ஊர்களின் மொழிகளில் போட வேண்டும். என்னோடு சொல்லிக்கொடுக்கும் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பயிற்சிக் கையேடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

வெளிநாட்டுக் கோச்சுக்குப் பக்கத்தில் ஒரு இந்திய உதவிப் பயிற்சியாளரை நிறுத்துகிறீர்கள், சரி. தலைமைக் கோச் போகும்போது அவரையும் சேர்த்து அனுப்பாதீர்கள். குறைந்தது மூன்று சீசன் அவர் அதே கிளப்பில் இருக்கட்டும், மேலே யார் வந்தாலும் போனாலும்.

ஐஎஸ்எல்லில் ஆடி ஓய்வுபெறும் இந்திய ஆட்டக்காரர்களில் கோச்சாக விரும்புகிறவர்களுக்கு லைசென்ஸ் கட்டணத்தை கிளப்புகளும் கூட்டமைப்பும் பாதிப் பாதி ஏற்றுக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் இளையோர் அணிகளில் அவர்களுக்கு வேலை கொடுங்கள், ஒரு தோல்விக்காகத் தூக்காதீர்கள்.

அப்புறம், கிமாரேஸைக் கூப்பிடுங்கள். வேலைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு. அஸ்டெகாவில் 0-1 என்று பின்தங்கியபோது என்ன யோசித்தார், மும்பையில் அந்தப் பின்வரிசையை எப்படிக் கட்டினார், சின்ன நாட்டில் ஒரு தலைமுறைக் கோச்சுகள் எப்படி உருவானார்கள் என்று அவரே சொல்லட்டும், எங்களைப் போன்ற அடிமட்டப் பயிற்சியாளர்கள் முன்னால். அந்தேரியிலேயே வையுங்கள். இந்த மடலுக்கான பதிலை, முடியும் என்றாலும் முடியாது என்றாலும், இந்த வருஷத்துக்குள் எல்லோரும் பார்க்கும்படி எழுத்தில் கொடுங்கள், இந்த முறை ஒரு வரிக்கு மேல்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஒரு பயிற்சியாளர்